வாசனைக்காக ஒரு சமையல்

லிஃப்ட் மெக்கானிக்கின் தொண்டையில் வந்தது நல்ல கட்டி இல்லை என்று தெரிந்ததும், வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். கஞ்சி, மருந்து எல்லாம் இனி அதன் வழியாகத்தான். அன்றிலிருந்து அவர் கஞ்சிக்குத் தவிர வேறெதற்கும் அவர் மனைவி வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஒரு மடக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியாத மனுஷன் எதிரில் வதக்கிப் பொரித்துச் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். இடைவேளையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிடுவாள்.

லீவு நாளில்தான் மாட்டிக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவு திறந்தது.

"என்ன குள்ளி, பன்னைக் குளிப்பாட்டுறியா?"

அவள் உயரத்துக்கு அவர் வைத்த பெயர் அது. குரல் போய்க் காற்று மட்டும்தான் மிச்சம் அவருக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த முகம் அப்படியே கோணி அழுகையாயிற்று.

"எத்தனை நாளா இப்படித் திருட்டுத்தனமா சாப்பிடுற?"

"விடுங்க."

"நாளைக்கு சாசேஜ் போடு."

"உங்கள உக்கார வச்சுட்டு நான் மட்டும் எப்படிங்க...?"

"வாய்தான போச்சு? மூக்கு நல்லாத்தான் இருக்கு. வீடு ஆஸ்பத்திரி மாதிரி நாறுது."

கொத்துக்கறியைத் தோலுக்குள் அடைத்த சாசேஜும் காய்களும் சேர்த்து வேகவைக்கிற ஞாயிற்றுக்கிழமைச் சமையல் எப்போதும் அவர் பொறுப்பு. பகல் முழுக்க மெல்ல வேகவைக்கும் அந்த மின்சார ஸ்லோ குக்கரை அவள் கழுவி வைத்ததோடு சரி. அதனால் மறுநாள் காலை அவரும் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கேரட்டைத் தானே நறுக்கினார். பாதியில் கை ஓய்ந்துபோகவே அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"சாசேஜ முதல்ல வாணலில செவக்க விடு. இல்லன்னா வெளுத்துப்போய் நனைஞ்ச விரல் மாதிரி மிதக்கும்."

வெங்காயம், உருளைக்கிழங்கு, வேகவைத்த வெள்ளை பீன்ஸ், தக்காளி, கொஞ்சம் தண்ணீர். எல்லாவற்றையும் குக்கரின் பீங்கான் பானையில் கொட்டி, கண்ணாடி மூடியைப் போட்டுக் குறைந்த சூட்டில் வைத்தாள். மூடியைத் திறக்கப் போன போதெல்லாம் அவள் விரலைத் தட்டிவிட்டார். "திறந்து திறந்து பாத்தா சூடு போயிடும். சும்மா இரு."

மதியத்துக்கு மேல் வீடெல்லாம் மணம் பரவிற்று. அவர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். பொழுது சாய்ந்ததும் அவளைத் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். முதல் வாயை அவள் தலை நிமிராமல் மென்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? விவரமா சொல்லு."

அலங்காரமாகப் பேசத் தெரியாதவள் அவள். "உருளைக்கிழங்கு கரையுது. கேரட்டு கரையல, ஆனா பல்லுக்கு வேலையில்ல. சாசேஜ் தோலு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்குது, உங்கள மாதிரி."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் வயிறு முட்டச் சாப்பிட்டாள். அவ்வளவு பசி தனக்குள் இருந்ததை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அப்படி நாலு ஞாயிறு போயிற்று. ஐந்தாவது ஞாயிறு அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அவளே தனியாக எல்லாம் செய்து, குக்கரைத் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வாசனை வருதாங்க?"

அவள் உள்ளங்கைக்குள் அவர் விரல் அசைந்தது. மூன்று மணிவாக்கில் அந்த விரல் நின்றது. பானை அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் சாவுச் செய்தி கேட்டு அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர், கையில் கிரீஸ் கறையோடு ஓடிவந்தார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகமே சொல்லிற்று. அவள் பானையைச் சமையலறைக்குத் தூக்கிப்போய், இருவருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றார்கள், அவள் விடவில்லை. நின்றபடியே சாப்பிட்டார்கள். மூத்தவன் பாதியில் நிமிர்ந்தான்.

"அக்கா, இது அண்ணன் செஞ்சதா?"

"இல்லப்பா. நான்தான்."

"அப்படியே அண்ணன் கைப்பக்குவம்."

அவள் கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவரை ஒரு சொட்டுக்கூட வராத அழுகை, அப்போதுதான் வந்தது.