தூக்குச்சட்டித் துரையும் டிஸ்கோ பாட்டும்

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் கேசட்டை மாற்றிப் போட்டார். முதலில் டும் டும் என்று மிஷின் தாளம். அதன்மேல் ஒரு ஆம்பளைக் குரல் வந்தது.

"தூக்குச்சட்டி தூக்கிப் போற துரையே, கொஞ்சம் நில்லுங்க... நில்லு நில்லு நில்லு நில்லுங்க..."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சவுரியம்மாள் நிமிர்ந்தாள். அது அவள் பாட்டு. பதினேழு வயசில் ஒரே ஒரு படத்துக்கு, ஒரே ஒரு பாட்டு பாடினாள். அந்த வருஷம் அது ஒலிக்காத கல்யாணப் பந்தல் இல்லை. படம் ஓடவில்லை, பாட்டு மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாதுரைக்கு வாழ்க்கைப்பட்டு, மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பி மாதிரி இருந்த குரல் தகர டின்னில் கல்லைப் போட்டு ஆட்டிய மாதிரி ஆகிவிட்டது. அன்றோடு வாயை மூடினவள்தான். கோயிலிலும் உதட்டை மட்டும் அசைப்பாள்.

இப்போது அந்த ஒரு பாட்டையும் எவனோ பாடிவிட்டான்.

பஸ்ஸே ஆடியது. பின்சீட்டில் காலேஜ் பசங்கள் "நில்லு நில்லு" என்று கத்தினார்கள்.

"யாருப்பா பாடறது?" என்று கண்டக்டரைக் கேட்டாள்.

"யாரோ புது ஆளும்மா. இன்னா கொரலு பாத்தீங்களா! திண்டிவனத்துல யசோதரன் கேசட் கடையில போட்டது. பஸ் ஸ்டாண்டு எதுரிலயே கடை."

அக்கா மகள் வீட்டுக்கு என்று வாங்கி வைத்திருந்த வாழைப்பழச் சீப்போடு திண்டிவனத்தில் இறங்கி நேராக அந்தக் கடைக்குப் போனாள். காலை பத்தரை மணி வெயில். கடைக்குள் கண்ணாடி அலமாரி நிறைய கேசட்டுகள். முதலாளி யசோதரன், செஞ்சிப் பக்கத்து ஜைன வீட்டுப் பிள்ளை, கேசட்டை வைத்துப் பென்சிலால் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூலையில் தாள மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவன் கண்ணையன், கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறவன்.

"தூக்குச்சட்டிப் பாட்டு யாரு பாடனது?" என்றாள் சவுரியம்மாள்.

"கேசட்டு பதினெட்டு ரூவா, அக்கா."

"வெலைய யாரு கேட்டா? பாடன ஆளக் காட்டு. எம் பாட்டப் பாட அவனுக்கு யாரு உரிமை குடுத்தது?"

யசோதரன் பென்சிலைக் கீழே வைத்தான். "ஒங்க பாட்டா? அப்ப நீங்க... சவுரியம்மாளா? பழைய பாட்டு பிளேட்டு மேல இருக்கற பேரு?"

"நானேதான். அவன வெளிய வரச் சொல்லு."

"அக்கா, ஆம்பளையே கெடையாது. அது நீங்கதான்."

"யாருகிட்ட கத உடற? எங் கொரலு எனக்குத் தெரியாதா?"

கண்ணையன் குறுக்கே வந்தான். "தப்பு எம்மேலதான். அண்ணன் ஊட்ல பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடணும், அது அவங்க வழக்கம். அன்னிக்கு பிளேட்டப் போட்டு டேப்ல புடிக்கச் சொல்லிட்டு, ஜல்தியா வந்துடறேன்னு சாப்பிடப் போய்ட்டாரு. அந்த நேரம் பாத்து மோட்டார் கரண்ட் உட்டானுங்க. சுத்துப்பட்டுல அத்தினி பேரும் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி எறைக்கறான். பல்பு மின்மினிப் பூச்சியாட்டம் ஆயிடுச்சி. டேப்பு பேட்டரில சரியா ஓடுது, பிளேட்டு மட்டும் நொண்டிக்கினே சுத்துது, கொரலு தடிச்சி ஆம்பளக் கொரலாட்டம் வருது. எனக்கு இன்னா தெரியும்? அந்தப் பாட்ட நான் முன்னபின்ன கேட்டதே இல்ல. எவனோ நல்லாத்தான் பாடறான்னு அப்பிடியே புடிச்சிட்டேன்."

"திரும்பி வந்ததும் எனக்குத் தெரிஞ்சிடுச்சி," என்றான் யசோதரன். "அதுக்குள்ள இவன் தாளத்தக் கோத்துட்டான். கேட்டா, ஒடம்பு தானா ஆடுது. அப்பிடியே கேசட்டா உட்டுட்டேன். ஒங்களத் தேடிப் போயிக் கேட்டிருக்கணும். உசுரோட இருக்கீங்களான்னே தெரியாம..."

"செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டியா?"

"ஐயோ அக்கா!"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. யசோதரன் பழைய இசைத்தட்டை எடுத்து ஊதித் துடைத்துப் போட்டான். கரண்ட் நன்றாக இருந்த நேரம். தட்டு ஓடவேண்டிய வேகத்தில் ஓடியது. பதினேழு வயசுப் பெண் கீச்சென்று பாடினாள். சவுரியம்மாள் வேறு யாரையோ பார்ப்பதுபோல ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு அவன் டேப்பைப் போட்டான். அதே இழுப்பு. "துரையே" என்ற இடத்தில், அந்தக் காலத்தில் பயத்தில் அவள் விட்ட அதே அரை மூச்சு. அந்த மூச்சை வேறு எவனும் விட்டிருக்க முடியாது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தப் போயி ஊரே ஆடுதே," என்றாள் மெதுவாக. "இப்ப எனக்கு இருக்கற தகர டப்பா கொரலாட்டம்."

"தகரமா? மயிலம் திருவிழாக் கச்சேரிக்கு இந்தப் பாட்டுதான் வேணும்னு கேட்டுக்கினு இருக்கானுங்க," என்றான் கண்ணையன். "பாட ஆளுதான் கெடைக்கல. பொம்பளைங்க பாடனா மெலிசாப் போவுது, ஆம்பளைங்க பாடனா கொழைவு இல்ல. ஒரே பேஜாரு."

"நீங்க வேணாம்னா இன்னியோட கேசட்ட நிறுத்திடறேன், அக்கா," என்றான் யசோதரன். "சொல்லுங்க."

அவள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. தாளம் சுற்றிவந்து மறுபடி பாட்டின் முதல் அடிக்கு வந்தது. ஆறு வருஷமாக உதடு மட்டும் அசைந்த பழக்கத்தில் உதடு அசைந்தது. கூடவே, அவளையும் மீறி, குரலும் வந்தது.

"தூக்குச்சட்டி தூக்கிப் போற..."

டேப்பில் இருந்த குரலும் அவள் தொண்டையிலிருந்து வந்த குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எது மிஷின், எது மனுஷி என்று தெரியவில்லை. யசோதரன் மெதுவாக டேப்பின் சத்தத்தைக் குறைத்தான். பாட்டு குறையவில்லை.

கண்ணையன் வாயைப் பிளந்தான். "அக்கா! அதே சுதி!"

சவுரியம்மாள் சட்டென்று நிறுத்திக் கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிற ஒருவர் வாசலில் நின்று, "யாருப்பா அது? இன்னொரு தடவ போடு," என்றார்.

"போடறதுக்கு இது டேப்பு இல்லீங்க," என்றான் யசோதரன்.

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மயிலத்துக்கு வர்றேன்," என்றாள். "ஆனா ஒண்ணு. எம்பேர மைக்குல ஒழுங்காச் சொல்லணும். புது ஆளு, பழைய ஆளுன்னு எவனாவது ஒளறினா எறங்கிப் போய்க்கினே இருப்பேன்."

"சொல்றோம்க்கா."

"அந்த 'நில்லு நில்லு' எத்தினி வாட்டி வருது? எங்க மூச்சு எடுக்கறது? எடுக்கவே எடம் உடலியே பாவி. இன்னொரு வாட்டி அடி, பாப்போம்."

கண்ணையன் மிஷினைத் தட்டினான். முதல் அடியில் அவள் முந்திக்கொண்டாள், தப்பாகிவிட்டது. தலையை ஆட்டிச் சிரித்து, மறுபடி அடிக்கச் சொன்னாள்.