மேட்டடித் தண்ணீர்

பாறைமேட்டுக்கு ஏறும் சரிவில் வண்டி மறுபடியும் பாதியில் நின்றது. சகாதேவன் பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் பார்த்தான். கொக்கியில் மாட்டியிருந்த டாங்கி, ஆறு பேரல் தண்ணீரோடு, வண்டியைப் பள்ளத்துக்கு இழுத்தது. கிளட்ச் தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அடிவரைக்கும் மெல்லப் பின்னால் இறக்கி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, டாங்கியின் பின்புற ஓரத்துக் குழாயைத் திறந்தான். பாதித் தண்ணீரைக் கீழே விட்டால்தான் வண்டி மேடேறும். மேட்டடியில் இருபது வீடுகள் கொண்ட காலனி இருந்தது. அங்கிருந்து பெண்கள் குடங்களோடு ஏற்கெனவே வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். அவன் வண்டி தோற்பதற்காக அவர்கள் காத்திருப்பது அவனுக்குத் தெரியும். அது தனக்குத் தெரியும் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொள்ளாமல் பீடி பற்றவைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்து நின்றான்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை அது. இரண்டு வருஷம் மழை பொய்த்து, பாறைமேட்டின் கிணறுகள் அத்தனையும் வற்றிவிட்டன. சகாதேவன் அந்த ஊர்க்காரன். ராணுவத்தில் ஏலம்விட்ட பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கி, பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப்பாக்கி, திருவண்ணாமலை மார்க்கெட்டுக்குப் பூவும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டிருந்தான். முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் தண்டை அவனுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவன் கழற்றி விற்றுவிட்டிருந்தான். பூ ஏற்றப் பின்சக்கர இழுவை மட்டுமே போதுமாக இருந்தது. ஊர் கூடி ஒரு டாங்கியைப் பின்னால் மாட்டிவிட்ட பிறகுதான் வண்டியின் லட்சணம் தெரிந்தது. சமதரையில் ஓடும். ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் இன்ஜின் இருமி அணைந்துவிடும்.

செங்கம் ரோட்டில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மட்டும் ஊற்று இருந்தது. அங்கே மோட்டார் ஓட்டக் காலையில் மூன்று மணி நேரம்தான் கரண்ட் வரும். அதனால் நாளைக்கு ஒரே ஒரு நடை. பாதி டாங்கி மேலே போனால் வீட்டுக்கு இரண்டு குடம். மாட்டுக்கு வைப்பதா, பிள்ளைகளுக்கு வைப்பதா என்று பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். டிரைவர் வீட்டுக்கு மட்டும் ஒரு குடம் கூடப் போவதாகச் சொல்லி, அவன் மனைவி சரசுவின் குடத்தை ஒருத்தி பிடுங்கிப் பார்த்தாள். ஊர்ப் பெரியவர் அருணகிரி அவனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் முழு டாங்கி மேலே வரவில்லையென்றால் வெளியூர் டிராக்டரைப் பேசிவிடுவதாகச் சொன்னார். காலனிக்கு எப்போது தண்ணீர் என்று அவன் கேட்டான். அவர்களுக்கும் சேர்த்து மனு கொடுத்திருப்பதாகவும், தனி லாரி வரும் என்றும் சொன்னார். லாரி வரவில்லை.

ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கோதண்டராமனிடம் தினமும் மத்தியானம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். டைமிங்கை முன்னால் வைத்தார்கள், பின்னால் வைத்தார்கள். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் பட்டறை வாசலில் வண்டி புலிபோல உறுமும். மறுநாள் காலையில் அதே இடத்தில் நிற்கும். ஒருநாள் அவன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். குடத்தோடு நின்ற பெண்கள் அவன் எழுந்து குழாயைத் திறக்கும் வரைக்கும் பொறுமையாக நின்றார்கள்.

கோதண்டராமன் கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இன்ஜின்ல இனிமே ஒண்ணும் இல்ல சகாதேவா. சுத்து கம்மியானா இதுக்கு உசுரு போயிடுது. பின் அச்சுல இருக்கிற பல்சக்கரத்த மாத்தணும். வேகம் பாதியாப் போவும், இழுவை வரும்."

சகாதேவன் பஸ் ஏறி வேலூருக்குப் போனான். பழைய இரும்புக் கடைகளில் ஒரு பகல் முழுக்கக் குடைந்து, பல் அதிகமான சக்கரமும் அதற்குச் சேர்ந்த சின்னப் பல்சக்கரமும் தேடியெடுத்து, கோணிப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான். வியாழக்கிழமை மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி சரிவின் அடிக்கு வந்தது. பெண்கள் வழக்கம்போல ஒதுங்கி இடம் விட்டார்கள். அவன் முதல் கியரைப் போட்டான். வண்டி திணறவில்லை. மாடு ஏர் இழுப்பதுபோல நிதானமாக ஏறத் தொடங்கி, தினமும் நின்றுபோகும் இடத்தைத் தாண்டி, மேலும் ஏறியது. கண்ணாடியில் குடங்கள் சிறுத்துக்கொண்டே போயின. மேலே போய்ச் சேர்ந்ததும் ஊரே கூடிவிட்டது. அருணகிரி அவன் தோளைத் தட்டினார். வீட்டுக்கு நாலு குடம். சரசு ஒரு மாதத்துக்குப் பிறகு பிள்ளைகளின் தலையை நனைத்துத் தேய்த்தாள். அன்றைக்கு அவன் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் டவுனில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வரும்போது, பெரியாஸ்பத்திரி வாசலில் காலனி ஜோதியம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். தினமும் வரிசையில் முதலில் நிற்பவள். வண்டியை ஓரம் கட்டினான். மகள் வயிற்றுப் பேத்தி உண்ணாமலைக்கு வாந்தி பேதி, மூன்று வயசு, இரண்டு நாளாகக் குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறது என்றாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"நல்லா இழுக்குதா டிரைவரே?"

"இழுக்குது."

"நல்லதுதான்." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "கல்லு வெட்டின குட்டைத் தண்ணிய நாங்க காய்ச்சித்தான் குடிச்சோம். புள்ள தவிச்சுப் போயி காய்ச்சாததக் குடிச்சிடுச்சு."

பிள்ளை பிழைக்குமா என்று கேட்காமலே வண்டியை எடுத்தான்.

மறுநாள் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி, அவனே குழாயைத் திறந்துவிட்டான். மேலே போய், வண்டி மறுபடியும் இழுக்கவில்லை என்றான். அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னான். சரசு மட்டும் ராத்திரிச் சோறு போடும்போது, முந்தாநாள் வரைக்கும் இழுத்த வண்டி இப்போது ஏன் இழுக்கவில்லை என்று கேட்டாள். ஜோதியம்மாளின் பேத்தியைப் பற்றி அவன் சொன்னான். அவள் பிள்ளைகளின் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். எதிர்வீட்டில் பசுமாடு தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் விடியும் வரைக்கும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அருணகிரி தோட்டத்துக் கிணற்றுக்கே வந்துவிட்டார். டாங்கி வழிய வழிய நிரம்பும் வரை பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு இழுக்கலன்னு நானும்தான் பாக்கறேன்," என்றார்.

சகாதேவன் வழி நெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினான். சரிவடியில் நிறுத்தினால் நாளையிலிருந்து டிராக்டர் வரும். டிராக்டர் எந்த மேட்டடியிலும் நிற்காது. சரிவின் அடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஜோதியம்மாளும் இருந்தாள். வந்துவிட்டாள் என்றால் பிள்ளை தேறிவிட்டதா, இல்லை வேறு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவள் முகத்தில் தேடினான். ஒன்றும் தெரியவில்லை.

முதல் கியரில் சரிவைத் தொட்டான். முன்பெல்லாம் இந்த இடத்தில் உயிரைக் கொடுத்து மிதிப்பான். இப்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தான். இன்னும் எடுத்தான். இன்ஜின் அணையவில்லை. ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே, உருண்டுவரும் கல்லைத் தள்ளுகிறவன்போல, வண்டி ஊர்ந்தது.

"இவ்ளோ மெதுவாவா?" என்றார் அருணகிரி.

"இதுக்கு மேல இழுக்கலீங்க மாமா."

அவர் அவனை ஒருதரம் பார்த்துவிட்டு, முன்னால் தெரிந்த பாறைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் இரும்பு தேயும் சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. சகாதேவன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். ஜோதியம்மாளின் கை குழாயின் திருகில் இருந்தது. டாங்கிக்குப் பின்னால், ஒருத்தி குடத்தை எடுக்க எடுக்க அடுத்தவள் தன் குடத்தை நீட்டிக்கொண்டு, பெண்கள் வரிசை குலையாமல் மேட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.