ஆடியில் மாற்றிய கியர் ஆயில்

1

இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாகக் கிடைத்தது. பெரியகுளத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் கையில் கியர் ஆயில் வாடை. சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயசமே வந்துவிட்டது. வாடை மட்டும் பந்தியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்த மனிதரோ இடையிடையே கையை மோந்து பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். கியர் ஆயிலை மோந்து ஒருவர் எதற்குச் சிரிக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லித் தொலைத்திருப்பார். பிறகு எனக்கு எழுத என்ன மிச்சம்?

ஆகவே இனி வருவதெல்லாம் நான் கட்டியது. கார் கூட.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1974, ஆடி மாதம். தேனியில் காற்று—’

வேண்டாம். ஆடிக்காற்றைத் தொட்டால் கதை அதன் பின்னாலேயே போய்விடும். (போடிக்குக் கிளம்பிய காக்கை ஒன்று காற்றுத் தள்ளி ஆண்டிபட்டியில் இறங்கியது. திரும்ப பஸ்ஸில்தான் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. காக்கையும் ஜன்னலோரம் கேட்கவில்லை.)

அடுத்து இப்படி: ‘கோட்டைச்சாமி காருக்கு அடியில் படுத்திருந்தான். அவன் மனைவி பொன்னாத்தாள் அருகில்—’

அருகில் இல்லை. அதுதான் சங்கதியே.

கோட்டைச்சாமிக்குத் தேனியில் பருத்திக் கமிஷன் கடை. முப்பத்தைந்து வயதுவரை பெண் அமையாமல், வைகாசியில்தான் கல்யாணம் நடந்தது. ஆடி பிறந்ததும் மாமனார் சீர்த்தட்டோடு வந்து மகளைக் கூட்டிப் போய்விட்டார். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. ஏன் என்று தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் உடனே மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

பொன்னாத்தாளின் வீடு சின்னமனூர் தாண்டி, கம்பம் சாலையை ஒட்டியே இருந்தது. வாசல்தான் மாமனாருடையது, சாலை சர்க்காருடையது. கோட்டைச்சாமி இதை நன்றாக யோசித்து வைத்திருந்தான்.

3

அவனுடைய கார் கறுப்பு நிறம், பழசு. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், அவர்கள் மனம் நோகும். கியர்பாக்ஸில் பழைய ஆயில் வற்றி, இரண்டாவது கியரில் ஊளையிடும். சாதாரண ஊளை இல்லை. ஒருமுறை தேவதானப்பட்டிப் பக்கம் போனபோது, துக்க வீட்டில் அழுது களைத்திருந்த பெண்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டார்கள். வேலையைக் கார் பார்த்துக்கொண்டது.

ஆடியில் கோட்டைச்சாமிக்குத் தேங்காய் மேல் திடீரென்று பிரியம் வந்தது. அதுவும் கம்பத்துத் தேங்காய்தான் வேண்டும். காலையில் காரை எடுத்துக்கொண்டு போவான். திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்கும். அவள் ஊருக்கு முன்னால் சாலை வளைகிறது. வளைவுக்கு வெகு தூரம் முன்பே இரண்டாவது கியரைப் போட்டுவிடுவான். காற்று அந்த ஊளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும். அவன் வளைவைக் கடக்கையில் பொன்னாத்தாள் வெளி வாசற்படியில் நிற்பாள். கையில் ஒரு குடம் இருக்கும். குடத்தில் தண்ணீர் இருக்காது.

சிரிக்க மாட்டாள். அவனும் கை காட்ட மாட்டான். கார் மெல்லப் போகும், ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு கொட்டாவி விடுகிற நேரம். பிறகு அவன் தேனிக்கு வந்து, தாயார் மொக்கம்மாளிடம் தேங்காய்களைக் கொடுப்பான். வீட்டில் ரசத்துக்கும் தேங்காய் அரைக்கும் நிலை வந்துவிட்டது.

(கடிதம் போடலாமே என்கிறீர்கள். மாமனார்தான் பிரிப்பார். ஹாரன் அடிக்கலாமே என்கிறீர்கள். அந்தச் சாலையில் போகிற லாரியெல்லாம் அதைத்தான் அடிக்கிறது. ஊளை ஒன்றுதான் அவனுடையது.)

4

பிறகு ஏன் ஆயிலை மாற்றினான்? இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு விவரமானவன் இப்படிச் செய்வானா? செய்வான். ஆனியில் வைகை அணைக்குப் போய் வந்தபோது பொன்னாத்தாள் வழியெல்லாம் வறுத்த கடலை தின்றுகொண்டே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: “இது ஏன் இப்பிடி அழுகுது? யாரு செத்தா?”

ஆவணி முதல் தேதி அவளைக் கூட்டிவரும்போது கார் அழக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டான். ஆசைப்பட்டுச் செய்கிற காரியத்தில்தான் மனிதனுக்குக் கண் மறைக்கிறது; மற்றதில் எல்லாம் ஓரளவு சமாளித்துவிடுகிறான்.

பக்கத்து வீட்டு ஒச்சாண்டி பாதி ஆயுளை லாரி ஓட்டியே கழித்தவர். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு முறை சொன்னார். முதலில் வண்டியைக் கொஞ்சம் ஓட்டி வா, சூடேறினால்தான் ஆயில் இளகும். அடைப்பான் இரண்டில் மேலே இருக்கிறதை முதலில் கழற்று, கீழே வடிக்கிறதை அப்புறம். எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேல் மூடியைத் திறக்க முடியாமல் அழுதவர்களை அவர் பார்த்திருக்கிறார்.*

மொக்கம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏலே, பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னா காருக்கு அடியிலயா போயிப் படுக்கிறது?”

“அவனாச்சும் கீழ படுத்திருக்கான் ஆத்தா” என்றார் ஒச்சாண்டி. “எங்க காலத்துல ஆடி வந்தா கெணத்துலதான் எறங்கி நிப்போம்.”

வடிகிற ஆயிலைக் காற்று வளைத்தது. காருக்கு அடியில் வைத்த சட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த ஒச்சாண்டியின் வேட்டியில்தான் இறங்கியது. சட்டியைக் கொடிக்கு அடியில் நகர்த்திய பிறகே வேலை நடந்தது.

புது ஆயிலை ஊற்றும் துளை காருக்கு உள்ளே, விரிப்புக்கு அடியில். வடிக்கும் முன்பே மேல் மூடியைத் திறக்க விரிப்பைத் தூக்கியிருந்தான். அங்கே கடலைத் தொலி கிடந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் அள்ளி ஓரமாக வைத்திருந்தான். விளக்கெண்ணெய் கணக்காய்க் கெட்டியாக இருந்த புது ஆயிலை ஊற்றி, மூடியை இறுக்கினான். பிறகு தொலியை எடுத்து, முன்பு கிடந்த மாதிரியே பரப்பி, மேலே விரிப்பைப் போட்டான். இதை ஒச்சாண்டி பார்க்கவில்லை. நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

* ஊளையை அடக்கக் கியர்பாக்ஸில் வாழைப்பழம் பிசைந்து போடுவதும் உண்டு என்று ஒச்சாண்டி சொன்னார். அப்படிச் செய்த ஒரு கார் ஒவ்வொரு வாழைத் தோப்பிலும் தானாக நின்றதாம். இதற்கு நான் பொறுப்பில்லை.

5

கார் ஊமையாகிவிட்டது.

கோட்டைச்சாமி தேங்காய்க்குப் போனான், திரும்பினான், வளைவைக் கடந்தான். வாசற்படியில் யாரும் இல்லை. கோவிலுக்குப் போயிருப்பாள். மறுமுறை போனான். அன்றும் இல்லை. காய்ச்சலாக இருக்கும். அடுத்த முறை வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்பே கேட்டது. கார் அவ்வளவு அமைதி. சிரிக்கிறாள், ஆனால் வெளியே வரவில்லை. அன்று அவன் தேங்காய் வாங்காமலே வந்துவிட்டதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தான்.

சாப்பிட உட்கார்ந்தால் இலையில் சோறு இல்லை. மொக்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்து அவனைப் பார்த்துத் திகைத்தாள்.

“நீ எப்பய்யா வந்தே? வீரபாண்டிப் பக்கம் ஒன் வண்டி அழுகவும்தான் நான் ஒலைய வைப்பேன். இப்ப கேக்கவே இல்லையே.”

கோட்டைச்சாமி அப்படியே எழுந்துவிட்டான். தாயார் பசிக் கோபம் என்று நினைத்தாள்.

6

பொன்னாத்தாளை நான் இதுவரை குடத்தோடு வாசலில் நிறுத்தியதோடு சரி. அவளுக்கு ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். ‘அவள் ஏங்கினாள்’ என்று எழுதி அடித்தேன். ஏங்குகிற பெண் எப்படிச் சிரிப்பாள்? ஆனால் பெரியம்மா வீட்டுப் பெண்கள் கேலி செய்யும்போது சிரிக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வாளே. சிரித்துக்கொண்டே காதைச் சாலைப் பக்கம் வைத்திருந்தாள். காற்று தினமும் கம்பத்துப் பக்கமிருந்துதான் வந்தது. அதில் லாரி இருந்தது, பஸ் இருந்தது, புழுதி இருந்தது.

“காலிக் கொடத்த இன்னைக்கு எடுக்கலையாடி?” என்று அவள் அம்மா கேட்டாள். அப்படியென்றால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“அவுகளுக்கு வேல இருக்கும்” என்றாள் பொன்னாத்தாள். குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

இதற்கு மேல் அவளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

7

பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றலாம் என்று கோட்டைச்சாமி தேடினான். மொக்கம்மாள் அதைக் கரையானுக்காகத் தொழுவத்துத் தூண்களில் பூசிவிட்டிருந்தாள். ஒச்சாண்டியிடம் போனான். அவர் ஒரு வழி சொன்னார்.

“புது ஆயிலயும் வடிச்சிட்டு ஓட்டு மாப்ளே. நல்லா அழுகும். போறதுக்குத் தாங்கும். வர்றதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல.”

அவனுக்கு வேண்டியதோ வருகிற வழிதான். காற்று அந்தப் பக்கம்தானே துணை. கியர்பாக்ஸ் இறுகிப் போனால் ஆவணியில் அவளைக் கூட்டிவரக் கார் இருக்காது. கார் இருந்து, அவள் மனசு இறுகிப் போயிருந்தால்?

இந்த இடத்தில் என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவன் ஆவணிவரை பொறுமையாக இருக்கிறான். சத்தமில்லாத காரில் சத்தமில்லாமல் இருவரும் வருகிறார்கள். எழுதிப் பார்த்தேன். அந்தக் காரில் யாருமே பேசவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவன் காருக்கு அடியில் படுத்து, கீழ் மூடியைக் கழற்றினான்.

போகும்போது மூன்றாவது கியரிலேயே பூப்போல ஓட்டி, அவள் வீட்டைத் தாண்டி, உத்தமபாளையத்தில் திருப்பினான். காற்று முதுகில் விழுந்தது. இரண்டாவது கியரைப் போட்டான். கார் அழுதது. முன்பெல்லாம் அழுதது ஒரு அழுகையா என்கிற மாதிரி அழுதது. வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. புளியமரங்கள் தெரிந்தன. அடியில் ஏதோ கடகடவென்று நொறுங்கியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றது. அழுகையும் நின்றது.

வளைவுக்கு அந்தப் பக்கம், காலிக் குடத்தோடு ஒருத்தி வாசற்படிக்கு ஓடி வந்திருக்கிறாள். வந்துகொண்டிருந்த சத்தம் வராமலே நின்றுவிட்டது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வந்து நிற்பது அவனுக்குத் தெரியாது. அவன் நடந்து போகக் கூடாது, ஆடி. அவள் படியிறங்கிச் சாலைக்கு வரக் கூடாது, உள்ளே அப்பா இருமுகிறார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது, இந்த மாதிரி வளைவில் எல்லாம் எட்டிப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது. கம்பத்திலிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு அதில் ஜன்னலோரமாக இடம் போட்டிருக்கிறேன். நின்றுபோன கறுப்புக் காரைத் தாண்டும்போது உள்ளே ஆள் இருக்கிறானா என்று பாருங்கள். பிறகு பஸ் வளைவில் திரும்பும்.