தனிக் குரூப்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சி. அதன் மேனேஜர் சிவசம்புவுக்குத் தூக்கம் போனது, 1996இல் ஆபீசுக்கு சர்வர் வந்த அன்றைக்குத்தான். எல்லா ஃபைலும் ஒரே பெட்டிக்குள்ளே! கிளார்க் தனலெட்சுமி பார்க்கிற அதே ஃபைலை மேனேஜரும் பார்க்க வேண்டுமாம். இதென்ன ஆபீசா, மீன் விற்கிற பாசாரா?

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வாசுவைக் கூப்பிட்டார்.

"அனுமதி இல்லாத ஆக்களின்ர கண்ணுக்கு ஃபைலின்ர பேர்கூடத் தெரியக்கூடாது. விளங்குதோ?"

"செஞ்சிடலாம் சார். குரூப் குரூப்பா பிரிக்கணும். ஸ்டாஃப் குரூப்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் கன்டெய்னர் ஃபைல் தெரியும். உங்களையும் அதுல சேர்த்துடறேன்."

சிவசம்புவின் முகம் கோணிப்போயிற்று. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரன் காலத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். அந்த வம்சத்தில் எவனும் தனக்குக் கீழே உள்ளவனோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

"என்னையும் தனலெட்சுமியையும் ஒரே கூட்டத்திலயோ? எனக்குத் தனிக் குரூப் போடும்."

"தனியா போட்டா சார், அந்த ஃபைல் எல்லாம் உங்களுக்கு..."

"சொன்னதைச் செய்யும்."

வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று வாசு வாயை மூடிக்கொண்டு செய்து முடித்தான்.

அதற்குப் பிறகு சிவசம்புவின் கம்ப்யூட்டரில் அவர் பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர்தான். உள்ளே ஒன்றுமில்லை. அதைத் திறந்து பார்த்தால்தானே மனுஷனுக்குத் தெரியும்! தினமும் சாயங்காலம், 'எல்லா ஃபைலும் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிய தாளில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஜெனரல் மேனேஜர் பதவி தமக்குத்தான் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லியும் ஆகிவிட்டது. மனைவி பூரணம் விருந்துக்கு ஆள் கூப்பிடவே ஆரம்பித்துவிட்டாள்.

சில மாசம் கழித்து ஒருநாள் முதலாளி ராதாகிருஷ்ணன் ஒரு பெரிய கஸ்டமரோடு வந்து நின்றார்.

"கையுறை கன்டெய்னர் ஃபைலை எடுங்க, சிவசம்பு. இவரு பார்க்கணும்."

சிவசம்பு தேடினார். மேலே தேடினார், கீழே தேடினார். ஃபைல் அவர் கம்ப்யூட்டரில் இருந்தால்தானே கிடைக்க! கஸ்டமர் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல அந்த வாய்க்கு வருமா? பழியைத் தூக்கிப் போட ஆளா இல்லை?

"தனலெட்சுமி செய்யேல்லை, முதலாளி. பொறுப்பில்லாத பிள்ளை. இண்டைக்கே நிப்பாட்டிப் போடுவம்."

பக்கத்து மேசையில் இருந்த தனலெட்சுமி இதைக் கேட்டாள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தன் கம்ப்யூட்டரை முதலாளி பக்கம் திருப்பினாள். ஃபைல் அங்கே இருந்தது.

"போன வாரமே முடிச்சிட்டேன், முதலாளி. பார்த்தாச்சுன்னு சார் சைன்கூட போட்டாரே."

முதலாளி வாசுவைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார்.

"சார்தான் தனிக் குரூப் கேட்டாரு, முதலாளி. அன்னையிலிருந்து அவருக்கு எந்த ஃபைலும் தெரியாது லா."

முதலாளி சிவசம்புவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப தினமும் எதைப் பார்த்து சைன் போட்டீங்க?"

சிவசம்பு ஏதோ தேடுவதுபோல் மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார்.

முதலாளி நாற்காலியைத் தனலெட்சுமியின் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தனை மாசமா நீங்க ஒண்ணையுமே பார்க்கல. ஒரு கன்டெய்னரும் நிக்கல, ஒரு கஸ்டமரும் ஏசல. ஜெனரல் மேனேஜர் போஸ்ட்டை விடுங்க சிவசம்பு, இந்த ஆபீசுக்கு மேனேஜரே எதுக்குன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."