தீவனத் தொட்டி வைத்தியம்

மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, கூடவே ஒரு கைப்பிடி மருந்துப்பொடி. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் சின்னுசாமி தீவனம் கலந்துகொண்டிருந்தார். இந்தப் பொடி சேர்த்த பிறகு குஞ்சுகள்தான் என்னமாய்க் கொழுக்கின்றன! சட்டென்று அவருக்குப் பொறி தட்டியது. மனைவி சென்னியம்மாளின் மார்பில் புற்றுக்கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். அவள் மூன்று வருடமாக ரத்தக்கொதிப்பு மாத்திரை விழுங்குகிறாளே, கட்டி வளர்ந்தது அதனால்தானோ?

கேட்க வேண்டியவரைக் கேட்டாரா? அதுதான் இல்லை. ஐயாயிரம் கோழி வளர்த்த மிதப்பில் மனுஷன் தானே டாக்டராகிவிட்டார்.

"இந்த மாத்திரைதான் புள்ளே கட்டிக்குத் தீனி. இன்னையோட நிறுத்திப்போடு."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு நிறுத்தலாமுங்களே?"

"மருந்து வேல செய்யறது எனக்குத் தெரியாதாக்கும்!"

எட்டாம் நாள் சேலத்து ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பைப் பார்த்த டாக்டரம்மா திடுக்கிட்டார். இருநூற்று இருபது! "இப்பக் கத்தி வச்சா உசுருக்கே ஆபத்துங்க. ஆபரேஷன் இன்னைக்கு முடியாது. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

சின்னுசாமி கோழிக் கதையை ஒப்பித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்க சந்தேகம் தப்பில்லீங்க. வேற நோவுக்குத் தர்ற மருந்து கட்டிய வளர்க்குமா, அடக்குமான்னு பெரிய டாக்டருங்களே ஆராய்ஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இந்த மாத்திரைதான் இவங்க கட்டிய வளர்த்துச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லீங்க. நிறுத்துனா என்ன ஆகுமுன்னு நீங்களே பாத்துட்டீங்க."

கட்டியவளை எமன் வாசல்வரை இழுத்து வந்தது தன் கைதானே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றிலிருந்து வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீருமாக அவள் முன்னால் நின்றார். மூன்றாம் வாரம் கொதிப்பு அடங்கியது, ஆபரேஷனும் நடந்தது. கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது, வேறெங்கும் பரவவில்லை என்று டாக்டரம்மா சொன்னதும், சின்னுசாமி ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கைதட்டிக்கொண்டே அழுதார்.

சென்னியம்மாள் நடந்தே வீட்டுக்குள் நுழைந்தாள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. பங்காளி அர்த்தநாரி மட்டும் மெல்ல இழுத்தான். "அண்ணா, அன்னைக்கு நீங்க எங்கிட்டயும் சொன்னீங்களே, மாத்திரைதான் கட்டிக்குத் தீனின்னு. எனக்கும் கட்டி வந்துருமோன்னு பயந்து, எஞ்சக்கரை மாத்திரையையும் நிறுத்தியாச்சுங்க."

சின்னுசாமி துள்ளி எழுந்து அவன் கையைப் பிடித்தார். "வாடா, இப்பவே டாக்டருகிட்டப் போலாம். சந்தேகம் வந்தாக் கேளு, எத்தன தடவ வேணுமுன்னாலும் கேளு. கேக்காம மட்டும் ஒத்த மாத்திரையக்கூட நிறுத்தாதே. எம்பொண்டாட்டியக் கொல்லப் பாத்தது கட்டி மட்டுமில்லடா, நானுந்தான்!"