ஜெர்சனின் தொப்பை

ஐஸ் தண்ணீரில் கிடந்து கிடந்து அற்புதமணியின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டு இறாலைத் தட்டில் எறிய அவளுக்குக் கண் வேண்டாம். கண்ணெல்லாம் அலமாரியில் பூட்டிக் கிடந்த போன்மேல்தான். உரிக்கிற இடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது.

மதுரை ஆஸ்பத்திரியில் மகன் ஜெர்சனோடு அவள் புருஷன் தேவபிரசாதம் இருந்தான், துறைமுகத்து மூட்டை வேலையைப் போட்டுவிட்டு. இவளும் லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். பிறகு அடுப்பு எப்படி எரியும்?

பிள்ளைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. வயிறு முன்தள்ள முன்தள்ள, "ஏளா, என்னத்தளா ஊட்டுத? மொதலாளி மாதிரில்லா தொப்பை வச்சிருக்கான்!" என்று தெருவே கொஞ்சியது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அரைஞாண் இறுக இறுகத் தளர்த்திக் கட்டினாள். பாவி, சந்தோஷமாகத்தானே கட்டினாள்! கையும் காலும் குச்சியாய்ப் போனதைக் கடைசியில்தான் கண்டாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஈரலில் கட்டி என்றார். "குழந்தைகளுக்கு ரொம்ப அபூர்வமா வர்றது. என்ன கட்டின்னு தெரியாம மருந்து ஏத்த முடியாதும்மா." ஊசியால் சதை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பார்த்துச் சொல்லுகிற ஆள் அங்கேதானாம். போனது போனதுதான், ஒரு தகவலும் இல்லை.

இடைவேளையில் ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"ரிசல்ட் வந்துச்சா?"

"வரலளா. நம்மள மாதிரி எத்தனையோ பேரு காத்துக்கிடக்காவன்னு சொல்லுதாவ. வயிறு இன்னும் ஏறுது," என்றான் தேவபிரசாதம். "இந்தா, பிள்ளைட்ட பேசு."

ஜெர்சனின் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைத் தன் கழுத்தில் வாங்கிக்கொள்ள அவளுக்கு உடம்பெல்லாம் ஏங்கியது. முத்தம் கொடுத்தாள். போன் இறால் நாறியது.

உள்ளே வந்தபோது, தரம் பார்க்கிற கிரேசி அவள் தட்டிலிருந்து இறாலை அள்ளி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு; மருந்து ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்க்க லேபுக்குப் போகிறது.

"எப்ப மேடம் ரிசல்ட் வரும்?"

"சாயங்காலமே வந்துரும்க்கா. கப்பல் நிக்குல்லா!"

அற்புதமணி பெட்டியையே பார்த்தாள். "அங்கன பிள்ளையளுக்கும் பாத்துச் சொல்லுவாவளா மேடம்?"

கிரேசி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பெட்டியை மூடினாள். வெளியே ஹாரன் அடித்தது. டிரைவர் ஓடிவந்து பெட்டியை வாங்கிப்போய், காரின் பின்சீட்டில் வைத்து, குலுங்காமல் இருக்க பெல்ட்டை இழுத்து மாட்டினான்.