அப்பா பெயரில் திறக்கும் கணினி

மருமகளுக்குப் பதினொரு மணிக்குத் தேர்வு. காதில் கேட்பதைத் தட்டச்சு செய்து தரும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், அதுவும் பகலில். கிடைத்தால் கால் சென்டரின் இரவு ஷிஃப்டுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் மறுபடியும் ஆந்தைப் பிழைப்பு.

தேர்வு எழுத அந்த நிறுவனத்தின் மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். இறக்கினாள், அமுக்கினாள். "இதை நிறுவ உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்" என்றது திரை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் தீர்ந்தால் சொல்லிவைப்பது அவள். குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது அவள். அவளுக்கே அனுமதி இல்லையாம். கணினியை அணைத்துப் போட்டாள். இறக்கிய கோப்பை வேறு இடத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். வலது பொத்தானை அழுத்தி, 'நிர்வாகியாக இயக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு பெட்டி எழுந்து வந்து கடவுச்சொல் கேட்டது. மேலே பெயர்: அப்பா.

ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் கிடந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர்ல அப்பான்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, யாரு அது?"

"எங்க அப்பாதான். கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு முதல்ல ஒரு பேரு கேட்டுச்சு. பெரியவர் இருக்கும்போது நம்ம பேரையா போடுறது?"

"முதல் பேருக்குத்தான் மொத்த அதிகாரமும் போகும்னு தெரியாதா?"

"யாருக்குத் தெரியும்? மரியாதைக்குப் போட்டது."

"சரி, பாஸ்வேர்டு?"

"அவரே போட்டார். எங்க எல்லாரையும் சுவத்தைப் பார்த்து நிக்கச் சொல்லிட்டு. நீ அப்போ ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கிட்டிருந்தே."

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தெருமுனை சலூனில் இருந்தார்.

"மாமா, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைச் சொல்லுங்களேன், அவசரம்."

"போன்லயா? யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்கம்மா."

"நான் யாரோவா மாமா?"

"குரல் உன்னோடது மாதிரிதான் இருக்கு. அதான் சந்தேகமே."

"அப்போ நேர்ல வாங்க. பதினொண்ணுக்குள்ள போடலேன்னா பரீட்சை போச்சு. நான் மறுபடியும் ராத்திரி வேலைக்குத்தான் போகணும்."

வந்துவிட்டார். ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது. மறு கன்னத்தில் நுரை.

"திரும்பி நில்லும்மா."

திரும்பினாள். ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தும் சத்தம். தவறு என்றது கணினி. மறுபடியும் குத்தினார். மறுபடியும் தவறு.

"கீபோர்டுல ஏதாவது விளக்கு எரியுதா பாருங்க மாமா."

"பச்சையா ஒண்ணு எரியுது. பச்சைன்னா போகலாம்தானே?"

"இங்க பச்சைன்னா நிக்கணும். பெரிய எழுத்தா விழுது. இடது ஓரத்துல 'கேப்ஸ் லாக்'னு இருக்கும், அதை அமுக்கி அணைங்க."

மூன்றாம் தடவை திறந்தது. மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவர் அந்த மிதப்பில் இருக்கும்போதே அவள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்: "என் பேரையும் நிர்வாகியா மாத்திடுங்களேன்."

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? நடக்காது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கணினி மூடவில்லை. மென்பொருள் உள்ளே இறங்கியதும் கேமராவுக்குத் துணை நிரல் வேண்டுமென்று அனுமதி கேட்டது. திரும்பி நின்றாள், அவர் குத்தினார். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று மறுபடியும் கேட்டது. திரும்பி நின்றாள். மைக்குக்கு இன்னொரு தடவை. அவர் விரலை உதறினார்.

"ஏம்மா, இது ஒவ்வொரு பரீட்சைக்கும் இப்படியே கேட்குமா?"

"வேலை கிடைச்சா தினமும் கேட்கும் மாமா. மதியம் நீங்க தூங்கும்போதுகூட எழுப்பித்தான் ஆகணும்."

மாமனார் யோசித்தார். "தூரத்து வண்டியில ரெண்டு டிரைவர் உண்டுதான். ஒருத்தர் ஓட்டுவார், இன்னொருத்தர் படுத்திருப்பார்."

"நீங்க படுத்துக்கோங்க."

அமைப்புகளில் எங்கே அமுக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவரே அமுக்கி அவள் கணக்கை நிர்வாகி ஆக்கினார். பதினொன்று அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது திரையில் தேர்வுக் கண்காணிப்பாளரின் முகம் தோன்றியது. சின்னப் பெண்.

"ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது மேடம். பின்னாடி நிக்கிறது யாரு?"

"என் மாமனார்."

"முகத்துல அது என்ன?"

"சோப்பும்மா," என்றார் அவர், கேமராவுக்குக் கை கூப்பிவிட்டு. "நல்லா பரீட்சை வை. பொண்ணு நல்ல பொண்ணு, கொஞ்சம் அவசரக்காரி." கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் ஹெட்போனை மாட்டினாள். யாரோ ஒருவர் வாடகை ஒப்பந்தம் ஒன்றை மூக்கால் வாசித்தார். விரல்கள் தானாக ஓடின.

மதியமே பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பம். கால் சென்டர் மேலாளருக்கு, 'இனி வரமாட்டேன்' என்று ஒரே வரி அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.